படர்தாமரைக்கு அயோடின் மருந்து போடலாமா? சேலத்துல இருந்து ஒரு ரிவியூ

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். வெட்டுக்காயம், சிராய்ப்பு, செருப்புக் கடி இதுக்கெல்லாம் போவிடோன் அயோடின் மாதிரி வீட்டுல வச்சுக்க நல்ல மருந்து வேற இல்ல, அஞ்சுக்கு அஞ்சு குடுப்பேன். சேத்துப்புண்ணுக்கு மூணு. படர்தாமரைக்கு ஒண்ணு. நகச்சொத்தைக்கு அந்த ஒண்ணு கூட கிடையாது. ஒரே பாட்டிலுக்கு ஏன் இத்தன விதமா மார்க்குன்னா, அந்த பாட்டில் என்ன வேலைக்கு செஞ்சது, பங்கஸ் தோல்ல எங்க உக்காந்திருக்கு, இந்த ரெண்டும் தெரியாம நம்ம ஊர்ல பாதிப் பேரு இத வாங்கித் தடவிக்கிட்டு இருக்காங்க, அதனால தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

ஒரு கம்பெனிய மட்டும் வச்சு எழுதல. பீட்டாடின், சிப்லாடின், வோக்காடின்னு எந்தப் பேருல வாங்கினாலும் உள்ள இருக்கற சரக்கு ஒண்ணுதான், நான் சொல்றது 10 பர்சென்ட் லோஷனும் 5 பர்சென்ட் ஆயின்ட்மென்ட்டும்.

சேலத்துல இது ஏன் இவ்ளோ ஓடுதுன்னு இங்க இருக்கறவங்களுக்கு சொல்லவே வேணாம். வெயில் காலத்துல அம்மாபேட்டை பக்கம் தறிக்குழியில காலு விட்டு உக்காந்தா இடுப்புல கட்டின துணி வேர்வையில நனைஞ்சே கெடக்கும், சேகோ (ஜவ்வரிசி) பேக்டரிகாரங்களுக்கு காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் காலு தண்ணியில, ஏற்காட்டுல மழைக்காலம் வந்தா காப்பித் தோட்டத்துல கம்பூட்ஸ கழட்ட முடியாது, கழட்டினா அட்டை ஏறும். தொடை இடுக்கு, கால்விரல் சந்து, இடுப்பு மடிப்பு இங்கெல்லாம் அரிப்பு இல்லாத வீடு கம்மி. வீட்டு அலமாரியில இந்த பிரவுன் பாட்டிலும் எப்பவும் இருக்கும். அரிச்சா கை தானா அதுக்குத்தான் போகுது.

முதல்ல பாட்டிலுக்குள்ள என்ன இருக்குன்னு பாத்துடலாம். அயோடின கண்டுபிடிச்சது 1811ல, கடல்பாசி சாம்பல்ல வேலை பாத்துக்கிட்டிருந்த கூர்துவான்னு ஒரு பிரெஞ்சுக்காரர். அப்புறம் ரொம்ப காலம் அத ஆல்கஹால்ல கரைச்சு டிஞ்சரா போட்டாங்க, நம்ம தாத்தா பாட்டிங்க "டிஞ்சர் வச்சா உயிரே போயிடும்"னு சொல்றது அதத்தான். எரியும், தோலப் பொசுக்கும். 1950கள்ல தான் போவிடோன்னு ஒரு பாலிமரோட அயோடினக் கட்டி வைக்கற வழி வந்துச்சு. இந்த பாலிமர் அயோடின மொத்தமா கொட்டாம கொஞ்சம் கொஞ்சமா அவுத்து விடும், அதனால எரிச்சல் கம்மி. பாட்டில்ல 10 பர்சென்ட்னு போட்டிருக்கறது போவிடோன் அயோடின் அளவு, அதுல வேலைக்கு வர்ற அயோடின் 1 பர்சென்ட் தான். அந்த 1 பர்சென்ட் நேரா தொட்டா பாக்டீரியா, வைரஸ், பங்கஸ் பெரும்பாலும் தப்பாது. லேப்ல தட்டுல வச்சுப் பாத்தா படர்தாமரைக் கிருமியும் சாகுது, கேன்டிடாங்கற ஈஸ்ட் வகைப் பங்கஸும் சாகுது, இது உண்மை. நெட்ல "அயோடின் பங்கஸக் கொல்லும்"னு போடறாங்களே அதுவும் பொய் இல்ல. ஆனா நம்ம தோலு லேப் தட்டு கிடையாது.

இத நான் கண்ணால பாத்துப் புரிஞ்சுக்கிட்டது எங்க பெரியப்பா கால்ல. அவரு சேகோ பேக்டரியில ரொம்ப வருஷமா இருக்காரு, குச்சிக்கிழங்க அரைச்சு வர்ற மாவுப்பால் தெளிய விடற தொட்டி பக்கம் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா கால்விரல் சந்துல மாவு வெள்ளையா அப்பிக் காஞ்சிருக்கும், அதுக்குக் கீழ தோலு ஊறி வெளுத்து, நாலாவது விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவுல வெடிச்சு ரோஸா தெரியும். ஒரு நாள் சும்மா தண்ணிய ஊத்திட்டு பஞ்சுல லோஷன நனைச்சு வச்சாரு. வச்ச எடம் பிரவுனா இருக்கறதுக்கு பதிலா கருநீலமா மாறிடுச்சு, மை கொட்டின மாதிரி. பெரியம்மா பதறிட்டாங்க, "ஐயோ, என்னங்க இது, காலு அழுகிப் போச்சா"ன்னு. அழுகல் எல்லாம் இல்ல. ஸ்டார்ச்சும் அயோடினும் சேந்தா அந்தக் கலர் தான் வரும், பள்ளிக்கூடத்துல உருளைக்கிழங்கு மேல ஒரு சொட்டு விட்டுக் காட்டுவாங்களே அதேதான். ஆனா அதுல ஒரு விஷயம் இருக்கு. மாவோட போயி ஒட்டிக்கிட்ட அயோடின் கிருமிகிட்ட போகாது. மாவு மட்டும் இல்லங்க, சீழ், ரத்தம், ஊறிப்போன செத்த தோலு எல்லாமே இந்த அயோடினத் தின்னுடும். தடவினதும் பளிச்சுனு பிரவுனா இருந்தது கொஞ்ச நேரத்துல வெளிறிப் போச்சுன்னா அங்க மருந்து தீந்துடுச்சுன்னு அர்த்தம்.

அதனால சேத்துப்புண்ணுக்கு இத எப்படி போடணும்னு மட்டும் விவரமா சொல்லிடறேன், இங்க தான் நிஜமாவே பிரயோஜனம் இருக்கு. கால நல்லா சோப்பு போட்டு விரல் சந்துல விரல விட்டு கழுவணும், மாவு மண்ணு காப்பித்தோட்ட சேறு எது இருந்தாலும் போகணும். அப்புறம் தொடைக்கணும், பழைய காட்டன் துணிய கிழிச்சு ஒவ்வொரு சந்துக்குள்ளயும் விட்டு ஈரம் இல்லாம ஒத்தி எடுக்கணும், தேய்க்கக் கூடாது. பஞ்சுல லோஷன நனைச்சு சந்துல வச்சு எடுத்துட்டு அப்படியே விரல விரிச்சு வச்சு காய விடணும், ரெண்டு நிமிஷமாவது ஆகும். ஈரமா இருக்கறப்பவே சாக்ஸ மாட்டினா, செருப்புக்குள்ள தேங்கி நின்னா தோலு பொத்துக்கும், கெமிக்கல் புண்ணு மாதிரி ஆயிடும். நாத்தம், கசிவு, வெடிப்பு இருக்கற மோசமான கட்டத்துல இத கொஞ்ச நாள் செஞ்சா கசிவு அடங்குது, நாத்தம் போகுது, பெரியப்பாவுக்கு நல்லாவே கேட்டுச்சு. ஏன்னா சேத்துப்புண்ணுல பங்கஸ் மட்டும் இருக்கறதில்ல, ஊறின தோல்ல பாக்டீரியாவும் சேந்து குடித்தனம் பண்ணும், நாத்தம் அதோடது தான். அயோடின் அந்த பாக்டீரியாவ அடிச்சு புண்ணக் காய வைக்குது. பங்கஸ் மேலாக்க கொஞ்சம் சாகுது, அடியில இருக்கறது அப்படியே இருக்கு.

காஞ்ச பிறகு பங்கஸுக்கு உண்டான கிரீம போட்டே ஆகணும். குளோட்ரிமசோல் 1 பர்சென்ட், இல்லேன்னா டெர்பினாபின் 1 பர்சென்ட், எது ஒத்துக்கும்னு டாக்டர் சொல்றத. இத விட்டுட்டு வெறும் லோஷன்லயே ஓட்டினா புண்ணு மூடும், அரிப்பு அடங்கும், அடுத்த மழையில திரும்ப அதே சந்துல வெடிக்கும். சேத்துப்புண்ணுக்கு நான் மூணு மார்க்கோட நிறுத்தினது இதனால தான்.

சக்கரைக்காரங்க இருந்தா ஒரு வார்த்தை. விரல் சந்து வெடிப்பு அவங்களுக்கு சின்ன விஷயமே இல்ல, அந்த வெடிப்பு வழியா கிருமி உள்ள போயி காலு செவந்து வீங்கி காய்ச்சல் வந்து அட்மிட் ஆகற கேஸ் எத்தனையோ. பாட்டில வீட்டுல வச்சு பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, செவப்பு மேல ஏறுதுன்னா அன்னைக்கே காட்டிடுங்க.

இப்ப படர்தாமரைக்கு வர்றேன். அந்த வட்டத்த நல்ல வெளிச்சத்துல உத்துப் பாத்திருக்கீங்களா, நடுவுல தோலு ஆறின மாதிரி சாதாரணமா இருக்கும், ஓரம் மட்டும் கொஞ்சம் மேடா செவப்பா செதில் செதிலா இருக்கும். பங்கஸ் உயிரோட வேலை பாக்கறது அந்த ஓரத்துல, அதுவும் தோலோட மேல்தட்டுக்குள்ள, அங்க இருக்கற கெரட்டின்ங்கற புரோட்டீன தின்னுக்கிட்டு. சில பேருக்கு முடிக்கால் வரைக்கும் எறங்கும். அயோடின தடவினா அது மேல்தட்டு கெரட்டின்லயே செலவாகிப் போயிடுது, உள்ள போகறது கம்மி. இன்னொன்னு, அதுக்கு தங்கற சக்தி கிடையாது. போட்ட நேரத்துக்கு கொல்லும், கழுவினா போச்சு. டெர்பினாபின் மாதிரி மருந்து அப்படி இல்ல, தோல்ல ஏறி உக்காந்து நாள் கணக்குல தங்கும், பங்கஸ் தன்னோட செல்லச் சுத்தி இருக்கற சவ்வக் கட்டறதுக்கு வேணுங்கற எர்கோஸ்டெரால்ங்கற கொழுப்ப தயார் பண்ண விடாது. அங்க பங்கஸ் மெதுவா வளந்துக்கிட்டே இருக்கு, நீங்க ரெண்டு நிமிஷம் பிரவுன் பெயின்ட் அடிச்சுட்டு வேலைக்கு போறீங்க, எப்படி போகும் சொல்லுங்க.

அதுக்கு மேல தினம் ரெண்டு தடவ மூணு தடவ தொடை இடுக்குல அயோடின் போட்டா அந்த மெல்லிசு தோலு வறண்டு எரிய ஆரம்பிக்கும், அப்புறம் அரிக்கறது பங்கஸா மருந்தான்னே தெரியாது. பிரவுன் கறையில ஓரமும் மறைஞ்சுடுது, டாக்டருக்கும் பாக்கறது கஷ்டம். டாக்டர்கிட்ட போறதா இருந்தா அன்னைக்கு எதையும் தடவாம போங்க. ஓரத்துல லேசா சுரண்டி பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு விட்டு மைக்ராஸ்கோப்ல பாப்பாங்க, நூல் நூலா தெரியும், வலிக்காது.

இதெல்லாம் சொல்றப்ப அயோடின் மேல எனக்கு கோவம் இல்ல, ஏன்னா அது பெருசா கெடுதல் பண்றதில்ல. கோவம் வேற ஒண்ணு மேல. இந்த லோஷன் கேக்கலன்னு மெடிக்கல் ஷாப்புக்கு போனா அடுத்து கைல குடுக்கறது ஒரு டியூப். எங்க சித்தப்பா பையனுக்கு அப்படித்தான் ஆச்சு, கடை பேரு வேணாம். "தம்பி, இத போடுங்க, மூணே நாள்ல நின்னுடும்"னு குடுத்தாங்க, நின்னுச்சு, அவனும் சந்தோஷமா நிறுத்திட்டான். கொஞ்ச நாள்ல முன்னாடி ரெண்டு வட்டமா இருந்தது வயிறு, முதுகு, தொடைன்னு படர்ந்து, வட்டத்துக்குள்ள வட்டமா வந்து நின்னுச்சு. டியூப வாங்கிப் பாத்தா பங்கஸ் மருந்து ஒண்ணு, பாக்டீரியா மருந்து ஒண்ணு ரெண்டு, கூடவே குளோபெட்டசால். அது ரொம்ப பவர் உள்ள ஸ்டீராய்டு. அரிப்பையும் செவப்பையும் அமுக்கும், அந்த எடத்துல உடம்போட எதிர்ப்பையும் சேத்து அமுக்கும், பங்கஸுக்கு விருந்து தான். ரொம்ப நாள் போட்டா தொடையில கோடு கோடா தோலு கிழிஞ்சு தழும்பு விழும், அது திரும்ப போகாது. 2018ல இந்த மாதிரி ஸ்டீராய்டு கிரீம்கள ஷெட்யூல் எச்ல கொண்டு வந்தாங்க, சீட்டு இல்லாம குடுக்கக் கூடாது. ஆனாலும் கேட்டா கெடைக்குது. கேக்காமயே கெடைக்குது.

தயவுசெஞ்சு டியூப் வாங்கினா பின்னாடி சின்ன எழுத்தப் படிங்க. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், இதுல எந்தப் பேரு இருந்தாலும் படர்தாமரைக்கு வேணாம்னு திருப்பிக் குடுத்துடுங்க. "பீட்டா"ன்னு பாதி பேரக் கேட்டு அயோடின்னு நெனச்சு பீட்டாமெத்தசோன வாங்கிட்டு வந்துடாதீங்க, அதுவும் இதுவும் எதிர் எதிர் ஜாதி.

நம்ம நாட்டுல இப்ப சுத்தற படர்தாமரை பழைய படர்தாமரை இல்ல. ட்ரைக்கோபைட்டான் இன்டோடினியேன்னு பேரு வச்சிருக்காங்க, பேருலயே இந்தியா இருக்கு, டெர்பினாபினுக்கே பல எடத்துல அடங்க மாட்டேங்குது. அதனால தான் ஸ்கின் டாக்டருங்க இப்ப இட்ராகொனசோல் மாத்திரையும் கிரீமும் சேத்து வாரக்கணக்கா குடுக்கறாங்க. அந்த மாத்திரைய நீங்களா வாங்கி சாப்பிடாதீங்க, லிவர், ஹார்ட், மத்த மாத்திரைங்களோட சண்டை எல்லாம் இருக்கு. நம்ம மோகன் குமாரமங்கலம் ஜிஎச்ல ஸ்கின் ஓபி இருக்கு, காசு செலவில்ல, கூட்டம் இருக்கும் அவ்ளோதான். கிரீம் போடறதுக்கு டாக்டருங்க சொல்ற கணக்கு இது: ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, ஓரத்த தாண்டி 2 சென்டிமீட்டர் வெளிய வரைக்கும், மறைஞ்ச பிறகும் 2 வாரம். லுலிகொனசோல் மாதிரி சில கிரீம் ஒரு வேளை போதும், சீட்டுல எழுதின படி போடுங்க. நம்மாளுங்க தோத்துப் போறது அந்தக் கடைசி 2 வாரத்துல தான். வீட்டுல ரெண்டு பேருக்கு இருந்தா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போடணும், துண்டு பனியன் ஜட்டி தனித்தனியா சுடுதண்ணியில துவைச்சு வெயில்ல காயப் போடணும், வெயிலுக்கு சேலத்துல பஞ்சமே இல்ல.

ஏற்காடு பக்கம் அந்த வெயிலும் கெடையாது, அது தான் அங்க சிக்கல். நாகலூர் தாண்டி எஸ்டேட்ல வேலை பாக்கற மாமா மழைக்காலத்துல சாக்ஸ் காயாம அடுப்புக் கொடியில போட்டு வைப்பாரு. அவருக்கு இந்த லோஷன் உசுரு. அட்டைக் கடி, கவாத்துக் கத்தி கீறல், மிளகு பறிக்க மரம் ஏறறப்ப சில்வர் ஓக் மரப்பட்டை சிராய்ச்சது, எல்லாத்துக்கும் கழுவிட்டு இத வைப்பாரு, ஒண்ணு கூட சீழ் பிடிச்சதில்ல. அதே மனுஷன் கட்டைவிரல் நகம் மஞ்சளா தடிச்சு பொடிப்பொடியா உதிர்ந்தப்பவும் தினம் இதயே விட்டுக்கிட்டு இருந்தாரு. நகம் கலர் மாறுச்சு, நோய் மாறல. நகத்துக்கு அடியில இருக்கற பங்கஸ்கிட்ட இந்தத் தண்ணி போய்ச் சேராது, கால் நகம் முழுசா புதுசா வளர ஒரு வருஷம் கூட ஆகும், அதுக்கு மாத்திரை வேணும், இல்லேன்னா நகத்துக்குன்னே வர்ற, நெயில் பாலிஷ் மாதிரி பூசற லேக்கர் மருந்து வேணும்.

அயோடின் சம்பந்தப்பட்டது நெஜமாவே மருந்தா ஆகற ஒரு பங்கஸ் நோய் இருக்கு, ஸ்போரோட்ரைகோசிஸ்னு, ரோஜா முள்ளு மரச்சிராய் குத்தி தோலுக்கு அடியில கட்டி கட்டியா கையோட மேல ஏறும். அதுக்கு பொட்டாசியம் அயோடைடு கரைசல வாய்வழியா சொட்டுக் கணக்குல குடுக்கறது பல காலமா இருக்கற வைத்தியம். அது டாக்டர் பாத்து குடுக்கற வேற மருந்து. நம்ம பிரவுன் பாட்டில யாரும் குடிச்சுடாதீங்க, அது வெளிய போடறதுக்கு மட்டும்.

வாங்கறப்ப பாக்க வேண்டியது. லோஷனும் ஸ்க்ரப்பும் பாக்க ஒரே மாதிரி பிரவுனா தான் இருக்கும், ஸ்க்ரப் 7.5 பர்சென்ட், சோப்பு கலந்தது, ஆபரேஷனுக்கு முன்னாடி கை கழுவறதுக்கு, அத தடவி அப்படியே விட்டா எரியும். விரல் சந்துக்கு ஆயின்ட்மென்ட் வேணாங்க, ஏற்கனவே ஊறின எடத்துல பிசுபிசுன்னு இன்னும் ஊறும், லோஷன் தான் சரி. ஆயின்ட்மென்ட் காஞ்ச சிராய்ப்புக்கு வச்சுக்கங்க, தண்ணியில கழுவினா சுத்தமா போயிடும் அது ஒரு வசதி. மெட்ரோனிடசோல் சேந்த அயோடின் ஆயின்ட்மென்ட்னு ஒண்ணு குடுப்பாங்க, மெட்ரோனிடசோல் பங்கஸ ஒண்ணும் பண்ணாது, அரிப்புக்குன்னு அத வாங்கி காசு வீணாக்காதீங்க. ஜன் ஔஷதி கடையில கேட்டா அதே 10 பர்சென்ட் லோஷன் நல்லா கம்மி விலைக்கு வருது, வேலையில ஒரு வித்தியாசமும் தெரியல.

தைராய்டு பிரச்சனை உள்ளவங்க, கர்ப்பமா இருக்கறவங்க, பால் குடுக்கற அம்மா, பொறந்த குழந்தை, இவங்களுக்கு டாக்டர்கிட்ட கேக்காம பெரிய எடத்துல, ரொம்ப நாளைக்கு இத போடாதீங்க. தோல் வழியா அயோடின் உள்ள போயி தைராய்ட கலைக்கும். மீன் எறா ஒத்துக்காதவங்க இத போடக்கூடாதுன்னு ஒரு பேச்சு இருக்கு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, எறா அலர்ஜி எறாவுல இருக்கற புரோட்டீனால வர்றது. ஆனா லோஷன் போட்ட எடமே தடிச்சு கொப்புளமா வந்தா நிறுத்திடுங்க. கண்ணு பக்கம் வேண்டவே வேணாம், கண் ஆபரேஷனுக்கு அவங்க போடறது வேற, கண்ணுக்குன்னே தயார் பண்ணினது.

கறை பத்தி எல்லாரும் கேப்பாங்க. தோல்ல பட்டது தானா போயிடும். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில பட்டா மட்டும் பெரியப்பா காலு மாதிரியே கருநீலமா பிடிக்கும், பயப்படாதீங்க, ஒரு வைட்டமின் சி மாத்திரைய தண்ணியில கரைச்சு அந்த எடத்துல ஊத்துங்க, கண் முன்னாடி வெளுக்கும். அப்புறம் வழக்கம் போல அலசிப் போட்டுடலாம்.